தெரியாத கேள்வியை விட்டுவிட்டுப் போ, பாப்பா

பாப்பா,

நேற்று சாயந்திரம் உன் ஹால் டிக்கெட்டை என் போனுக்கு அனுப்பி, பிரிண்ட் எடுத்து வரச் சொன்னாய். எடுத்ததும் கடை வாசலிலேயே நின்று பெயர், பிறந்த தேதி, போட்டோ என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தேன். தொழில் புத்தி எங்கே போகும்? தேர்வு மையம் என்ற வரியில் விரல் நின்றுவிட்டது. திருச்சி என்று இருந்தது. போன வருடம் மதுரை மையத்துக்குக் கோச்சடை வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். இந்த வருடமும் மதுரையில் மையம் உண்டு. வீட்டுக்கு வந்து கேட்டபோது, "சித்தி வீட்ல தங்கிக்கிறேன்ப்பா, அங்க அமைதியா இருக்கும்" என்றாய். நானும் "சரி பாப்பா" என்று தலையாட்டினேன். உன் சித்தி வீட்டில் நாலு வயதில் இரட்டைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வீட்டில் எந்த மூலையில் அமைதி இருக்கிறது என்று உன் சித்தியே தேடிக்கொண்டிருக்கிறாள். நீ திருச்சியைக் கேட்டு வாங்கியது அமைதிக்காக என்று நான் நம்பவில்லை. இந்தத் தடவை தேர்வு முடிந்து வெளியே வரும்போது கேட்டுக்குப் பக்கத்தில் அப்பா நிற்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாய். அது எனக்கு வலித்தது. ஆனால் நினைத்தது சரிதான்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆகஸ்ட் மாதத்திலிருந்து முயற்சி செய்கிறேன். காலையில் நீ காலேஜுக்குக் கிளம்பும்போது சொல்ல வாயெடுப்பேன். பிறகு தண்ணீர் பாட்டில் எடுத்தாயா என்று கேட்டு முடித்துவிடுவேன். முப்பது வருடமாக ஊரார் சொல்வதையெல்லாம் எழுதிக் கொடுத்த எனக்கு என் சொந்த விஷயம் வாயில் வரமாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமை காலை நீ பஸ் ஏறுமுன் இதை உன் கையில் கொடுத்துவிடுவேன். இதில் பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வரும், பொறுத்துக்கொள்.

பத்திர எழுத்தர் ஆன இரண்டாவது வருடம், சோழவந்தான் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினேன். ஒரு சர்வே எண்ணின் உட்பிரிவு மட்டும் தெரியவில்லை. பட்டா நகல் நாளைக்கு வந்துவிடும் என்றார்கள். அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டு எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி வைத்தேன். மறுநாள் அந்தக் காலி இடத்தில் யாரோ ஓர் எண்ணை நிரப்பிவிட்டார்கள். கிணறு இருந்த துண்டு முழுசாக அண்ணன் பக்கம் போய்விட்டது. விஷயம் கோர்ட்டுக்குப் போய், நான் கூண்டில் ஏறி, ஆமாம், காலியாகத்தான் விட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். எழுந்து நின்ற அந்தத் தம்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. அன்றைக்குப் பிடித்துக்கொண்டேன், ஒரு வரி முடியாமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது, எந்த இடத்தையும் காலியாக விடக் கூடாது என்று. எழுத ஒன்றும் இல்லை என்றால் கோடு போட்டு அடைத்துவிட வேண்டும்.

தொழிலுக்கு அது நல்ல பழக்கம். அதை வீட்டுக்கும் தூக்கி வந்தேன். ரேஷன் விண்ணப்பம், கேஸ் விண்ணப்பம், எதில் காலிக் கட்டத்தைப் பார்த்தாலும் கோடு போட்டேன். ஆறாம் வகுப்பில் உன் பள்ளி டைரியில் ஆசிரியர் குறிப்பு என்று விட்டிருந்த இடத்தையெல்லாம் ஜூன் மாதமே கோடு போட்டு அடைத்துவிட்டேன். உன் டீச்சர் கூப்பிட்டனுப்பி, "சார், நாங்க எழுதறதுக்கும் கொஞ்சம் எடம் விடுங்க சார்" என்றார். நீ அப்போது சிரித்த சிரிப்பில் பெஞ்சிலிருந்து விழப் போனாய். ஆனால் பரீட்சை என்று வந்தால் நீ என் சொல்படிதான் நடந்தாய். தெரியாவிட்டாலும் எதையாவது எழுதி வை, ஒரு கேள்வியையும் விடாதே என்பேன். பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் அது நன்றாகவே பலித்தது. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது.

நீ சட்டப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன் என்று சொன்னதும், இது நம்ம ஏரியா என்று நினைத்துக்கொண்டேன். முதல் அடி சாப்பாட்டு மேசையிலேயே விழுந்தது. ஒரு கேள்வியை வாசித்தாய். வாயால் கொடுத்த வாக்கும் ஒருவரைக் கட்டுப்படுத்தும் என்று மேலே ஒரு விதி. கீழே ஒருவர் தன் தோட்டத்தைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்வாங்குகிறார். அந்த வாக்கு அவரைக் கட்டுப்படுத்துமா என்பது கேள்வி. "எப்படிக் கட்டும்? பத்திரம் எங்க? பதிவு எங்க?" என்று நான் எகிறினேன்.

"அப்பா, மேல என்ன சொல்லியிருக்கோ அத மட்டும் வச்சுத்தான் பதில் சொல்லணும். நமக்குத் தெரிஞ்சத உள்ள கொண்டாரக் கூடாது."

"அப்ப தப்பான சட்டத்துக்குச் சரியான பதிலா?"

"தப்பாவே இருக்கட்டும்ப்பா. நீங்க பத்திரம் எழுதுறப்ப கட்சிக்காரர் சொல்றத எழுதுவீங்களா, உங்களுக்குத் தோணுனத எழுதுவீங்களா?"

நான் சோற்றைப் பிசைந்தேன். உன் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். இந்தத் தேர்வு அப்பனுக்குத் தெரியாத விஷயம் என்று அன்றைக்கே ஒதுங்கியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். எனக்கு ஒதுங்கத் தெரியவில்லை.

ஞாயிறுதோறும் மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை நீ மாதிரித் தேர்வு எழுதினாய். நூற்றிருபது கேள்வி, நூற்றிருபது நிமிடம். சரியான விடைக்கு ஒரு மார்க், தப்புக்குக் கால் மார்க் போகும், விட்டுவிட்டால் ஒன்றும் இல்லை. திங்கள் காலையில் விடைத்தாளை என் மேசையில் வைக்கச் சொல்வேன். எனக்குக் கேள்வி புரியாது, விடை தெரியாது. காலிக் கட்டம் மட்டும் பளிச்சென்று கண்ணுக்குத் தெரியும். அதையெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். "இம்புட்டு எடத்தக் காலியா விட்டுருக்க?" என்று கேட்டேன். தெரியாததில் உட்கார்ந்தால் தெரிந்ததற்கு நேரம் இருக்காது, அதனால் விட்டுவிட்டுப் போய் கடைசியில் திரும்பி வருவதுதான் உன் திட்டம் என்று நீ விளக்கினாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "சோம்பேறிக்கு ஒரு திட்டமாக்கும்" என்றேன். மூன்று வாரத்தில் உன் விடைத்தாளில் காலிக் கட்டமே இல்லாமல் போனது. என் ஆபீசுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

தேர்வு நாள் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைக்குத் தெம்பு வேண்டும் என்று நானே போய்க் கறி எடுத்து வந்தேன். "கறி வேணாம்ங்க, ரெண்டு மணிக்குக் கண்ணச் சொருகும்" என்று உன் அம்மா தடுத்தாள். அதையும் கேட்கவில்லை. நீ மூன்று தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாய், நான் போட்டேன் என்பதால். நாலு மணிக்கு நீ வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. "எல்லாத்தையும் எழுதிட்டியா பாப்பா?" என்றுதான் கேட்டேன். "எழுதிட்டேன்ப்பா. ஒண்ணு கூட விடல" என்றாய். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முடிவு வந்தபோது நாலைந்து மார்க்கில் இடம் போனது.

அதற்கு அடுத்த வாரம் சமயநல்லூரில் உன் பெரியப்பா வீட்டுப் புதுமனை புகுவிழா. பந்தியில் யாரோ உன்னைப் பற்றிக் கேட்டார்கள். "புத்தி இருக்கு, கவனம் இல்ல. அவசரக் குடுக்கை" என்று நான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். நீ எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்தாய், இலையை மடித்தாய், எழுந்து போய்க் கை கழுவினாய். பிள்ளை எவ்வளவு அடக்கம் என்று அப்போதும் நான் உள்ளுக்குள் பெருமைதான் பட்டேன். நினைத்தால் இப்போது கூசுகிறது.

இந்த ஆகஸ்டில் பழைய பேப்பர் போடுவதற்காக உன் அம்மா பரணைச் சுத்தம் செய்தாள். உன் போன வருட மாதிரித் தாள்களைக் கட்டோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "நீங்க இதுல காலியா விட்டதத்தான பாத்தீக? மூலையில அவ மார்க்கு எழுதியிருக்கா. அத என்னைக்காவது பாத்தீகளா?" என்றாள். பார்த்தேன். சின்ன எழுத்தில், பென்சிலில். நான் வட்டம் போடத் தொடங்குவதற்கு முன்னால் எண்பத்து நாலு, எண்பத்தாறு, எண்பத்தொன்பது என்று ஏறிக்கொண்டு வந்திருக்கிறாய். வட்டம் போட்ட பிறகு எழுபத்தொன்பது, எழுபத்தாறு, எழுபத்து மூன்று. ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லாத தாளில்தான் இருப்பதிலேயே குறைந்த மார்க். ஒரு தாளின் ஓரத்தில், செய்த தப்புகளைக் குறித்து வைக்கிற உன் வழக்கப்படி எழுதியிருந்தாய். "முப்பத்து மூன்றாவது கேள்வியில் ஒன்பது நிமிடம் போனது. விட்டிருக்க வேண்டும். அப்பா பார்ப்பார்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல முடியாது. பிறகு உன் அம்மா மிச்சத்தையும் சொன்னாள். தேர்வு அறையில் கணக்குப் பகுதியில் ஒரு பட்டியலில் மாட்டிக்கொண்டாயாம். விட மனம் வராமல் அதோடு மல்லுக்கட்டியதில், கடைசியில், கேள்விகளுக்கு மேலே கொடுத்திருந்த மூன்று பத்திகளை வாசிக்கவே நேரமில்லாமல், பதினேழு கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினாயாம். நிரப்பியதால் கணக்குப்படி பெரிய நஷ்டம் இல்லை என்று நீயே அவளிடம் சொல்லியிருக்கிறாய். நஷ்டம் அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. அந்த மூன்று பத்தியும் நீ சாதாரணமாக ஊதித் தள்ளுகிற மாதிரிப் பத்திகளாம். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் பெரியப்பா வீட்டுப் பந்தியில் பேசாமல் இலையை மடித்திருக்கிறாய்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பதினாலாம் எண் மாதிரித் தாளைக் காணோம் என்று செப்டம்பரில் வீடு முழுக்கத் தேடினாயே, அதை எடுத்தது நான்தான். ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி ஆபீசுக்குப் போனேன். பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, போனில் இரண்டு மணி நேரம் அலாரம் வைத்து, நீ எழுதுகிற மாதிரி உட்கார்ந்து எழுதினேன். ஐந்து கேள்வி போனது. ஆறாவதில் நின்றேன். இரண்டு விடை ஒன்று போலத் தெரிந்தது. விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போடா என்று மனசு சொல்கிறது. கை போகவில்லை. இருபத்தைந்து நிமிடம் அந்த ஒரு கேள்வியில் உட்கார்ந்திருந்தேன் பாப்பா. அலாரம் அடித்தபோது இருபத்தேழாவது கேள்வியில் இருந்தேன். சரியானது பதினொன்று. எனக்கு ஐம்பத்தாறு வயது. என்னை யாரும் பார்க்கவில்லை, கேள்வி கேட்க ஆள் இல்லை. எனக்கே விட முடியவில்லை. உனக்குப் பதினெட்டு வயது, வெளியே கேட்டில் நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

அதற்குப் பிறகு உன்னைக் கவனிக்க ஆரம்பித்தேன், வட்டம் போடாமல். காலையில் ஆங்கிலப் பேப்பரில் தலையங்கத்தைப் படித்துவிட்டு, அதன் சாரத்தை மூன்று வரியில் தமிழில் எழுதுகிறாய். மூன்று வரியில் அடங்காவிட்டால் புரியவில்லை என்று வைத்துக்கொண்டு மறுபடியும் படிக்கிறாய். காலேஜ் விட்டு வந்து எத்தனை மணி நேரம் படித்தாய் என்று கணக்கு வைப்பதில்லை, எந்தத் தப்பைத் திரும்பச் செய்தாய் என்று கணக்கு வைக்கிறாய். ஞாயிறு மதியம் தெருவே உண்டு உறங்குகிற நேரத்தில், நாலு இட்லியோடு நிறுத்திக்கொண்டு மேசையில் உட்காருகிறாய். உடம்பும் அந்த நேரத்துக்குப் பழக வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாய். இதில் எதையும் நான் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர எனக்குத் தெரியாது.

ஆனாலும் அப்பன் வாய் சும்மா இருக்காது. என் தொழிலில் உனக்கு உதவக்கூடியது என்று தேடிப் பார்த்ததில் இரண்டே இரண்டு கிடைத்தது. கேள்வியை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. முப்பத்து நாலுக்குப் போட வேண்டிய விடையை முப்பத்து மூன்றின் கட்டத்தில் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு எல்லாமே ஒரு வரி தள்ளிப் போய்விடும். சர்வே எண் எழுதும்போது நாங்கள் கையில் இருக்கிற பட்டாவையும் பத்திரத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்போம். அதுபோல ஐந்து கேள்விக்கு ஒரு தடவை கேள்வி எண்ணும் கட்டத்து எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள். இரண்டாவது, பத்திரத்தில் பெரிய வார்த்தையால் யாரும் கெட்டதில்லை. நீங்கலாக, தவிர என்று நடுவில் ஒளிந்திருக்கும் சின்ன வார்த்தைகளைக் கவனிக்காமல்தான் கெட்டார்கள். உன் கேள்வித்தாளிலும் அப்படி வரும். கண்டதும் அடிக்கோடு போடு. மற்றபடி தெரியாத கேள்வி வந்தால் ஓரத்தில் ஒரு புள்ளி வை, அடுத்ததுக்குப் போ. நேரம் இருந்தால் திரும்பி வா. இல்லாவிட்டால் அது அங்கேயே கிடக்கட்டும். அதில் கிணறும் இல்லை, யாரும் வந்து நிரப்பிக்கொள்ளப் போவதும் இல்லை.

போன ஞாயிறு சமயநல்லூர் போயிருந்தேன். உன் பெரியப்பா, பெரியம்மா, அண்ணன்மார் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. உட்காராமலே சொன்னேன். "அண்ணே, போன வருசம் இதே வீட்ல பாப்பாவப் பத்தி அவசரக் குடுக்கைன்னு சொன்னேன். அது தப்பு. அவளுக்கு எடம் போனதுக்கு நான்தான் காரணம்." என்னென்ன செய்தேன் என்று முழுதும் சொன்னேன். உன் பெரியப்பா டிவியை அணைத்தார்.

"இதச் சொல்லவா வெயில்ல பஸ் ஏறி வந்த?"

"ஆமாண்ணே."

"பாப்பாகிட்டச் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே."

"அட கிறுக்குப் பயலே! எங்ககிட்டச் சொல்லி என்ன செய்ய? மொதல்ல அவகிட்டப் போய்ச் சொல்லு" என்று விரட்டினார். காப்பி கூடக் குடிக்கவிடவில்லை.

அதனால் சொல்கிறேன். போன வருடம் நீ தோற்கவில்லை பாப்பா. உன்னைப் போய்ச் சோம்பேறி என்றேன், அவசரக் குடுக்கை என்றேன். இரண்டும் பொய். உன் வழி சரியாக இருந்தது. அதை நான் கெடுத்தேன், ஒரு வருடம் உன்னிடமிருந்து போய்விட்டது. என்னை மன்னித்துவிடு. உடனே மன்னிக்க வேண்டும் என்று இல்லை. கோபம் இருந்தால் கோபப்படு. நீ என்னிடம் கோபப்பட்டுக் கத்தியதே இல்லை என்று இப்போதுதான் உறைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நான் திருச்சிக்கு வரமாட்டேன். சித்திக்குப் போன் போட்டு நோண்டவும் மாட்டேன். நாலு மணிக்கு மேல் உனக்குத் தோன்றினால் கூப்பிடு. இல்லாவிட்டால் சித்தி பிள்ளைகளோடு விளையாடிவிட்டு, தூங்கி எழுந்து, மறுநாள் பஸ் ஏறி வா. எத்தனை எழுதினாய், எத்தனை விட்டாய் என்று கேட்க மாட்டேன். இந்தத் தடவையும் இடம் கிடைக்காமல் போகலாம். போனால் அது உன் வழியில் நீ எழுதிப் போனதாக இருக்கட்டும், அதை நாம் இரண்டு பேரும் தாங்கிக்கொள்வோம். இந்தக் கடிதத்தில் நான் சொன்னதில் எது உனக்கு ஒத்துவரவில்லையோ அதையும் தூக்கிப் போடு. எனக்குத் தேர்வை நினைத்துப் பயம் இல்லை. நீ மறுபடியும் என் பேச்சைக் கேட்டுவிடுவாயோ என்றுதான் பயமாக இருக்கிறது.

அப்பா